ரெஜினாவின் நைட்டி

ரெஜினா செத்த நாளிலிருந்து அவள் வளர்த்த ஸ்பேனியல் நாய், டாஃபி, யார் சோறு வைத்தாலும் தொடவில்லை. கடைசியில் அவள் புருஷன் செல்லத்துரை வெட்கத்தை விட்டு, அழுக்குக் கூடையில் கிடந்த அவளுடைய நைட்டியை மாட்டிக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தார். சோற்றில் புரளாமலிருக்க, அவள் செய்வதுபோலவே நாயின் நீளக் காதுகளைத் தலைக்குமேல் சேர்த்துக் கிளிப் போட்டார். டாஃபி அவர் மடியை முகர்ந்து முகர்ந்து தயிர்சாதத்தைத் தின்றது. தினமும் அப்படித்தான் நடந்தது.

ஊரிலிருந்து வந்த மகள் சொன்னாள்: "அம்மா நைட்டி ஒரே வாடையா இருந்துச்சுப்பா. மெஷின்ல போட்டு எடுத்துட்டேன்."

அன்று டாஃபி ஒருமுறைதான் முகர்ந்தது. கிளிப் போட்ட காதுகளோடு போய் வாசலைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. செல்லத்துரை நைட்டியின் கழுத்தை இழுத்து மூக்கில் வைத்தார். பிறகு கைப்பக்கத்தை. பிறகு மறுபடியும் கழுத்தை.