வலது ஓரம்

தாலி கட்டும் இடத்தில் மட்டும் படம் மங்குகிறது.

அவள் மறுபடியும் ஓட்டச் சொன்னாள்.

நாதஸ்வரம் உயர்ந்தது. மகன் குனிந்தான். மருமகளின் கழுத்துக்குப் பின்னால் முடிச்சு விழுந்தது. எல்லாம் மெல்லிய துணி வழியே பார்ப்பதுபோல் இருந்தது. அடுத்த காட்சியில் மெட்டி பளிச்சென்று தெரிந்தது.

ஹோமப் புகையில் கேமரா ஃபோகஸைத் தவறவிட்டிருக்கும் என்றான் தேவசகாயம். பிறகு, பென்டிரைவில் ஏற்றும்போது தரம் குறைந்திருக்கலாம் என்றான்.

கணவர் படம்பிடித்து வந்த கல்யாணங்களை எல்லாம் அவள் எடிட் செய்த அறை இது. அவர் போன பிறகுதான் ஸ்டுடியோவைத் தேவசகாயத்திடம் விட்டாள்.

ஃபோகஸ் தவறினால் முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று தெளிவாக நிற்கும். இங்கே மாலை, புகை, ஐயரின் விரல் எல்லாம் ஒரே அளவாக மங்கியிருந்தன. பென்டிரைவ் கெடுத்திருந்தால் மெட்டியையும் கெடுத்திருக்கும்.

படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

ஓரத்தை வெட்டுவதற்காக.

அன்று மணவறையில் பெற்றோர் இடத்தில் நாத்தனாரும் அவர் கணவரும் நின்றார்கள். கணவனை இழந்தவள் தள்ளி நிற்பது வழக்கம். அவளும் தூணோரம்தான் நின்றாள். கெட்டிமேளம் கேட்டதும் கால் தானாக முன்னே வந்துவிட்டது.

சம்பந்தியம்மாள் அப்போது திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் நினைவில் இருந்தது. பந்தியில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும்போது ஸ்டுடியோவின் போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேறு யாராக இருக்கும்?

மகன் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தான். நீ எதற்கு அலைய வேண்டும், நானே சொல்லிச் சரிசெய்கிறேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“நல்லாத்தானம்மா இருக்கு. வா, போவோம்.”

அவள் படத்தை நிறுத்தினாள்.

எல்லோரும் எதிரிலிருந்து அட்சதை போடுகிறார்கள். ஒரு பிடி அரிசி மட்டும் வலது ஓரத்திலிருந்து வருகிறது.

அங்கே ஆளில்லை.

தேவசகாயத்தின் கையிலிருந்து மவுஸை வாங்கினாள். எடிட் செய்த கோப்பைத் திறந்து, பெரிதாக்கிய அளவை நூறு சதவீதத்துக்கு இறக்கினாள்.

படம் விரிந்தது. தெளிந்தது.

வலது ஓரத்தில் அவள் நின்றாள். வெறும் நெற்றி. நீட்டிய கை. தன் முகத்தில் இவ்வளவு சிரிப்பைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

சம்பந்தியம்மா சொன்னாரா என்று கேட்டாள்.

தேவசகாயம் கீபோர்டைப் பார்த்தான்.

“அவங்க போன் பண்ணாங்க, மதினி. நீங்க அரிசி போடுற போட்டோ ஒண்ணு வேணும்னு கேட்டாங்க.”

சொல்லிவிட்டு அவளுடைய தோளுக்கு மேலாக மகனைப் பார்த்தான். உடனே பார்வையை இறக்கிக்கொண்டான்.

பின்னால் சாவிச் சத்தம் நின்றிருந்தது.

அவள் திரும்பவில்லை.

அளவைப் பழையபடி ஏற்றினாள். படம் மங்கியது. வலது ஓரத்தில் யாரும் இல்லை.

“அந்த அரிசியையும் எடுத்துருங்க, தம்பி. எங்கேருந்து வருதுன்னு யாராச்சும் கேப்பாங்க.”