214-இல் ஆள் இருக்கு

"214-ல ஆள் கீது சார்" என்றார் மேஸ்திரி சுப்பிரமணி. சம்மட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார்.

மேனேஜர் கோபாலகிருஷ்ணன் நம்பவில்லை. மாமல்லபுரம் கடற்கரையின் அந்த ஐந்து நட்சத்திர ஹோட்டலை மூடி ஒரு வாரம் ஆகிறது. உள்ளே மொத்தத்தையும் உடைத்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். இரண்டாம் மாடியில் மற்ற அறைகளுக்கு இப்போது கதவுகூட இல்லை.

214 மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது. கைப்பிடியில் சிவப்பு அட்டை தொங்கியது. தொந்தரவு செய்யாதீர்.

"எப்பவோ யாரோ மாட்டினது. உடைங்க."

"பாத்ரூம்ல தண்ணி வுழுவுது சார். டிவி ஓடுது. வாசல்ல செருப்பு வேற கீது."

கோபாலகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். நீல நிற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, சுவரோரமாக ஒழுங்காக விடப்பட்டிருந்தது. அவர் முகம் மாறியது.

"பெரியம்மா" என்றார்.

பெரியம்மா என்பவர் சேர்மனின் தாயார். சொல்லாமல் வருவார், யாரோ போலத் தங்குவார், ஊருக்குப் போய் மகனிடம் ஒரு வார்த்தை சொல்வார். போன தடவை சொன்ன ஒரு வார்த்தையில் தலைமைச் சமையல்காரர் வேலை போனது. புது ஹோட்டலுக்குப் பழைய மேனேஜரே போதுமா என்று சேர்மன் இன்னும் முடிவு செய்யவில்லை.

"அம்மாம் பெரிய கோடீஸ்வரங்க ரப்பர் செருப்பா போடுவாங்க?"

"நிஜமான பணக்காரங்கதான்யா போடுவாங்க."

"அத்த எதுக்கு வெளிய வுட்டாங்க?"

"பக்தி. உள்ள பூஜை பண்ணுவாங்க."

"சாயங்காலத்துக்குள்ள மாடி காலி ஆவணும்னு நீங்கதான் குதிச்சீங்க. எட்டு பேரு சும்மா குந்திகினு கீறானுங்க."

"மெதுவா பேசுய்யா."

கைப்பிடியில் இன்னோர் அட்டையும் இருந்தது, காலைச் சிற்றுண்டிக்கானது. இட்லி, வடை, காபி மூன்றுக்கும் எதிரே பேனாவால் அழுத்தமான டிக்.

சமையலறையில் அடுப்பைக் கழற்றி நான்கு நாள் ஆகிறது. கோபாலகிருஷ்ணனே சாலைக்கு ஓடித் தள்ளுவண்டியில் இட்லி வாங்கிவந்தார். மூட்டை கட்டிய சாமான்களிலிருந்து பீங்கான் தட்டைத் தேடி எடுத்து, வெள்ளி மூடியால் மூடினார். கதவை ஒரு முறை தட்டி, தட்டை வாசலில் வைத்து, மூன்றடி தள்ளி நின்றார். ஹோட்டல் விதி அப்படித்தான்.

கதவு ஒரு சாண் திறந்தது. தட்டு உள்ளே போனது. பத்து நிமிடத்தில் காலியாகத் திரும்பி வந்தது.

"சட்னிகூட மீதி இல்ல" என்றார் சுப்பிரமணி. கோபாலகிருஷ்ணன் மூச்சு விட்டார்.

அப்போதுதான் கவனித்தார். சிவப்பு அட்டை திரும்பியிருந்தது. இப்போது பச்சைப் பக்கம். அறையைச் சுத்தம் செய்யவும்.

அறை வேலைக்காரர்கள் ஆறு பேரையும் நேற்று மாலைதான் கணக்கு முடித்து அனுப்பியிருந்தார். புது ஹோட்டலுக்குப் புது ஆட்கள்.

"செல்லம்மாவுக்கு போன் போடு. உங்க ஊர்தானே."

செல்லம்மா இருபத்திரண்டு வருடம் இந்த மாடியைப் பார்த்துக்கொண்டவர். ஒரு படுக்கைக்கு மூன்றே நிமிடம். தினமும் கோபாலகிருஷ்ணன் வந்து உள்ளங்கையால் விரிப்பைத் தடவி, "சுருக்கம் இருக்கு, செல்லம்மா" என்பார். இருந்தாலும் சொல்வார், இல்லாவிட்டாலும் சொல்வார்.

"ரிங் போவுது, எடுக்கல" என்றார் சுப்பிரமணி. "நேத்து போவச்சொல்ல, இன்னும் ஒரே ஒரு நாள் வரட்டுமான்னு உங்கள கேட்டுச்சாமே. திருக்கழுக்குன்றம் பஸ்ல சொல்லிகினு வந்துச்சு."

"வந்து என்ன பண்ணப் போறேன்னு கேட்டேன். இப்ப அதுவா முக்கியம்?"

கோட்டைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்தார். ஷூவைக் கழற்றி நீலச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். மூட்டையிலிருந்து புது விரிப்பு ஒன்றை உருவிக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளினார். திறந்துதான் இருந்தது.

அறையில் யாரும் இல்லை. பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஷவர் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய விரிப்பை உருவி, புதியதை விரித்தார். வலது பக்கம் செருகினால் இடது பக்கம் வெளியே வந்தது. இடது பக்கம் செருகினால் கால்மாட்டில் துணி போதவில்லை. தலையணை உறைக்குள் போக மறுத்தது. தாடையால் அமுக்கிப் பிடித்துத் திணித்தார்.

சுப்பிரமணி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "எங்க சென்ட்ரிங் பலக இத்த வுட நேரா இருக்கும் சார்."

"வாயை மூடுய்யா."

இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முப்பது வருட ஹோட்டல் வாழ்க்கையில் இதுதான் அவர் விரித்த முதல் படுக்கை.

ஷவர் நின்றது. கோபாலகிருஷ்ணன் கைகளை முன்னால் கட்டி, தலை குனிந்து நின்றார். தன் வேலை இந்தக் கட்டிலின் மேல்தான் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

கதவு திறந்தது. தரைவரை வழியும் வெள்ளை அங்கி நேராகப் படுக்கையருகே வந்தது. ஈரக் கை ஒன்று விரிப்பின் ஒரு மூலையில் படிந்து, மறு மூலையை நோக்கி மெதுவாக நகர்ந்தது. நடுவில் நின்றது.

"சுருக்கம் கீது, சார்."