ஏலத்துக்கு வராத துணி

"அவன் முடியைப் பாரு, பொம்பளை கணக்கா! டிவியை நிறுத்துடி" என்று கத்தினார் சிட்டிபாபு.

ஜெயம்மா நிறுத்தவில்லை. லண்டனில் பிரபல ராக் பாடகன் ஒருவனின் எலெக்ட்ரிக் கிடார் ஏலம் போய்க்கொண்டிருந்தது. மேடையில் விழுந்து கழுத்தில் விரிசல் விட்ட கிடார். அதற்கே லட்சக்கணக்கில் கேட்டார்கள்.

"உடைஞ்ச கட்டைக்கு இம்மாம் துட்டா? துன்னது செரிக்காதவனுங்க!"

"கம்முனு இருய்யா, என்னமோ சொல்றாங்க."

கிடாரின் கழுத்தில் பாடகன் எப்போதும் கட்டியிருந்த மஞ்சள் துணி ஏலத்தில் இல்லையாம். காலையில் அவனே வந்து அவிழ்த்து எடுத்துப் போய்விட்டானாம். ரசிகர்கள் இத்தனை நாளும் அதை ஸ்டைல் என்றே நினைத்திருந்தார்கள்.

ஜெயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கம்ப்யூட்டர் படிக்கக் கிளம்பிய மகனை ரேணிகுண்டாவில் ரயிலேற்றியபோது, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து அந்தக் கிடாரில் கட்டியவள் அவள்தான்.

"நீ நல்லபடியா வூடு திரும்பினா, திருப்பதி மலைக்கு உன் முடியைக் குடுக்கறதா வேண்டிக்கினேன் ரமணா. அதுவரைக்கும் கத்தி வெக்காதே."

படிப்பை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போனான் என்று தெரிந்ததும், "அந்தக் கட்டையைத் தூக்கிக்கினு என் வாசப்படி மிதிக்காதே" என்று போனை வைத்தவர் சிட்டிபாபு.

அவரிடம் இத்தனை வருஷமாய்ச் சொல்லாத அந்த வேண்டுதலை ஜெயம்மா இப்போது சொன்னாள். அவர் திரைக்கு வெகு அருகில் போய் நின்றார்.

"கட்டையை வித்துட்டான்" என்றார். மகனின் இடுப்பு வரை தொங்கிய முடியைத் திரையோடு சேர்த்துத் தொட்டார்.

"இத்தினி வருசமா நான் திட்டிக்கினு இருந்தது சாமி முடியையாடி?"