முதுகுப் பக்கத்துக் கரை

மலைப் பக்கமிருந்து திடுதிப்பென்று ஏரியில் காற்று இறங்கியதும் மார்லிஸ் தூண்டில் நூலைச் சுருட்டிவிட்டு, அதே பக்கம் பிக்கப் வண்டி நிற்கிற கரைக்கு முதுகைத் திருப்பி உதைக்க ஆரம்பித்தாள்.

காற்றடைத்த மிதவையில் மீன் பிடிக்கிறவர்களுக்கு வேறு வழி கிடையாது. இடுப்புவரை உடம்பைத் தண்ணீருக்குள் விட்டு, நாற்காலியில் சாய்கிற மாதிரி சாய்ந்து, காலில் மாட்டிய துடுப்பால் உதைத்தால் அந்தச் சனியன் பின்பக்கமாகத்தான் போகும். போகிற இடம் தெரியாது. விட்டுவந்த இடம்தான் தெரியும்.

அடிக்கடி திரும்பிப் பார்க்கவும் கூடாது. திரும்புகிற நேரத்தில் காற்று பத்தடியைப் பிடுங்கிக்கொள்ளும். மொன்டானாக் காற்று அப்படி. அதனால் எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொண்டு, அது சிறுத்துக்கொண்டே போனால் நாம் நகர்கிறோம் என்று நம்பி உதைப்பார்கள்.

மார்லிஸ் மரத்தைக் குறி வைக்கவில்லை. புருஷனைக் குறி வைத்தாள்.

ஹால்வர் அவளுக்கு எதிரே பதினைந்து அடி தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, அதே கரைக்குப் பின்னோக்கி உதைத்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு காற்றில் அவளுக்குக் கால் ஓய்ந்துபோக, அவன்தான் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தான். சேர்த்ததோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பனி விழும்வரை காபிக் கடையில் உட்கார்ந்து அதையே சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூட நீச்சல்குளத்தில் துடுப்பை மாட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்து உதைத்தாள். முதலில் பத்து சுற்று, அப்புறம் இருபது, மார்ச் மாதத்தில் அறுபது. அறுபத்து நாலு வயதில் தொடை கல்லாகிவிட்டது.

இன்றைக்கு அவனுக்கு முன்னால் கரையேறிக் காட்டாவிட்டால் அவள் பேர் மார்லிஸ் இல்லை.

அவனுடைய சிவப்புத் தொப்பி சிறுத்துக்கொண்டே போனது. ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வந்தது. பிறகு சட்டைப் பொத்தான் அளவுக்கு. அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

"என்ன கெழவா, கயித்த வீசட்டுமா?"

காற்று அவன் பக்கம்தான் அடித்தது. கேட்காமல் இருக்காது. பதில் வரவில்லை. ரோஷக்காரன், முறுக்கிக்கொண்டான் என்று நினைத்தாள். இன்னும் விரட்டி உதைத்தாள்.

கால் மணி நேரம் போனது. இந்நேரம் துடுப்பில் சேறு தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

பத்தடி போனால் போகட்டும் என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

உதைக்க ஆரம்பித்தபோது பிக்கப் வண்டி எவ்வளவு தூரத்தில் நின்றதோ, அவ்வளவு தூரத்திலேயே நின்றது.

முதலில் வெட்கம்தான் வந்தது. அறுபது சுற்றும் சேர்ந்து அவளை இருந்த இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அவள் நகரவே இல்லை என்றால், ஹால்வர் எப்படிச் சின்னதாகிக்கொண்டே போனான்?



அவள் முந்தவில்லை. காற்று அவனை அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக எந்தக் காற்றிலும் காலை நிறுத்தாத மனுஷன், எப்போதோ உதைப்பதை நிறுத்தியிருக்கிறான். அதைக் கண்ணெடுக்காமல் பார்த்து அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஹால்வர்... ஏதாவது சொல்லுப்பா."

தொப்பி அசையவில்லை.

அவனிடம் போக வேண்டும். மிதவை பின்பக்கமாகத்தான் போகும். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவனிடம் போக முடியும். போய்ச் சேர்கிறவரை அவனைப் பார்க்க முடியாது.

மிதவையைத் திருப்பினாள். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி உதைத்தாள்.

காற்று இப்போது அவளோடு சேர்ந்துகொண்டது. கண்ணெதிரே பிக்கப் வண்டி மளமளவென்று சிறுத்துக்கொண்டே போனது.