பதினான்கு படங்கள்

"உங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லவே இல்லையே மொரீன்" என்று பின்வரிசையிலிருந்து தோட்டச் சங்கத்துப் பாரி குனிந்து கேட்டார். "அப்ப நம்ம சங்கத்துக் கடிதமெல்லாம் யாரு எழுதினது?"

மொரீன் திரும்பவில்லை. அவளுக்கே அந்தச் சங்கதி இப்போதுதான், திரையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வுல்வர்ஹாம்ப்டனில் ஞாயிறு பிற்பகல் காட்சி. சிண்டர் லேன் ராக் இசைக்குழு ஊர் ஊராகச் சுற்றிய இருபத்திரண்டு வருடங்களைப் பற்றிய ஆவணப்படம். அவள் அப்பா கிளிஃப் அந்தக் குழுவின் மேடைப் பொறுப்பாளர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு மேடைகள். ஒன்றுக்குக்கூட அவர் பிந்திப் போனதில்லை.

அப்பாவோடு காய்கறித் தோட்டம் போடும் சங்கத்துக்காரர்கள் ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். பதினொரு வருடமாக அவர்தான் அவர்களுக்குச் செயலாளர்.

பின்னணிக் குரல் அதைச் சொன்ன கையோடு திரையில் சில தாள்கள் வந்தன. அன்றன்று பாடவேண்டிய பாட்டுகளின் வரிசையை எழுதி, பாடகரின் காலடியில் ஒட்டுவது மேடைப் பொறுப்பாளரின் வேலை. கிளிஃப் எழுதவில்லை, வரைந்திருந்தார். தாளுக்குப் பதினான்கு சின்னப் படங்கள். பாலம், குதிரை, கெட்டில். ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அந்த ஊர்க் கால்பந்து அணியின் சின்னம்.

ஒருமுறை ஷெஃபீல்டில் ஆந்தை வரைந்து ஒட்டினாராம். ஓல்டம் அணிக்கும் ஆந்தைதான். ஐந்து நாளில் ஐந்து ஊர் போய் வந்த களைப்பில், பாடகர் டென்சில் மைக்கைப் பிடித்து, "எப்படி இருக்கீங்க ஓல்டம்?" என்று கேட்டிருக்கிறார். ஷெஃபீல்டுக்காரர்கள் நாலாயிரம் பேரும் போட்ட கூச்சலில் முதல் பாட்டே கேட்கவில்லை.

அரங்கம் சிரித்தது. பிறகு எழுபத்தாறு வயது டென்சில் திரையில் வந்தார்.

"கிளிஃபுக்கு எழுத்து வராது. அதனால என்ன? ஆளு தங்கம். கடைசி வரைக்கும் நாங்க அவனை விடல."

என்ன பெருந்தன்மை என்றது பின்னணிக் குரல். முன்வரிசையில் இருந்த டென்சிலைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்பா ஒவ்வொரு பயணத்திலும் எழுதிய கடிதங்கள் மொரீனின் அலமாரியில் இருக்கின்றன. நானூற்றுப் பதினொன்று. அவற்றில் ஒரு பிழை பார்த்ததில்லை அவள்.

"அப்பா, இது என்ன அநியாயம்?"

"படம் ஓடுது. பேசாம பாரு."

படம் முடிந்ததும் இயக்குநர் ஃப்ரேயா கிளிஃபை மேடைக்கு அழைத்து, தோளைத் தொட்டு, மைக்கைக் கையில் கொடுத்தாள். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, பிற்பாடாவது படிக்கக் கற்றுக்கொண்டாரா என்று மிகவும் பரிவாகக் கேட்டாள்.

இப்போது சொல்லிவிடுவார் என்று மொரீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கிளிஃப் முன்வரிசையைப் பார்த்தார். டென்சில் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தாமதமாத்தான் வந்துச்சு" என்றார் கிளிஃப்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தோட்டத்து ஒன்பது பேரும்தான். பாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் மொரீன் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். ஊரே பார்க்கப் போகிற படம், நாளைக்குத் தோட்டத்தில் யார் முகத்தில் விழிப்பீர்கள் என்று கேட்டாள். அந்த மனுஷர் உங்களைத் தற்குறியாக்கித் தான் நல்லவராகிவிட்டார், நீங்களும் ஆமாம் போடுகிறீர்களே என்றாள்.

"எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"உங்க பேரு குறைஞ்சுபோச்சு."

அவர் கோட்டுகளை எடுத்து வரப் போனார். அவர் விட்டாலும் தான் விடுவதில்லை என்று மொரீன் பின்னாலேயே போனாள். டென்சிலிடம் கேட்கவேண்டியதை வாக்கியம் வாக்கியமாகத் தயாராக வைத்திருந்தாள்.

டென்சில் கோட்டுகள் மாட்டியிருந்த மூலையில்தான் இருந்தார், அப்பாவோடு. வாசலில் எல்லோருக்கும் கொடுத்த படத்தின் கையேடு அவர் கையில். இருவரும் அவளைக் கவனிக்கவில்லை.

டென்சில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையேட்டை அப்பாவிடம் நீட்டினார்.

"என் மார்ஜரி போய்ச் சேர்ந்தப்புறம் எனக்கு வாசிச்சுக் காட்ட வீட்டுல ஆளில்லடா கிளிஃப். இதுல என்னைப் பத்தி என்ன போட்டிருக்கு, கொஞ்சம் மெதுவாச் சொல்லேன்."