பச்சைப் புள்ளி

பறித்தவன் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

அவள் கை இன்னும் காதோரத்திலேயே இருந்தது. பேசிக்கொண்டிருந்த கைபேசிதான் இல்லை.

முகத்தைப் பார்த்துவிட்டாள். முப்பிடாதியின் புருஷன். காலையிலிருந்து நீதிமன்ற வராந்தாவில் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். வாய்தா வாங்கியதும் போய்விட்டான் என்று நினைத்திருந்தாள்.

அவனுக்குக் கைபேசி வேண்டாம். அதற்குள் இருக்கும் ஒரு விலாசம்தான் வேண்டும்.

ஏழு மாதம் முன்பு, உடைந்த கையோடு வந்த முப்பிடாதியை அவள் ஒளித்துவைத்த வீடு. அடிபட்டு வரும் பெண்களுக்கு இடம் பார்த்துக்கொடுப்பதுதான் அவள் வேலை. இன்னும் பத்துப் பேரின் விலாசமும் அந்தக் கைபேசியில் இருந்தது.

எதிரே ஜெராக்ஸ் கடை.

ஓடினாள்.

"பதறாதீங்கம்மா, உக்காருங்க." கைபேசி பறிபோனதைக் கேட்ட கடைக்காரர் மீரான் கணினியை அவள் பக்கம் திருப்பினார். "மெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஆனால் திரை அடுத்து ஒரு ரகசிய எண்ணைக் கேட்டது. அது பறிபோன கைபேசிக்குத்தான் போகும்.

"வேற நம்பர் எதுவும் குடுத்து வச்சிருக்கீங்களா?"

கணவன் தேவசகாயத்தின் எண்ணைக் கொடுத்திருந்தாள். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணும் அதுதான். மீரானின் கைபேசியிலிருந்து கூப்பிட்டாள். பட்டறை இரைச்சலுக்கு நடுவே, அவன் தனக்கு வந்த ஆறு இலக்கங்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

கைபேசி இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் விரிந்தது.

அதில் ஒரு பச்சைப் புள்ளி. நகர்ந்துகொண்டிருந்தது. வண்ணார்பேட்டையைத் தாண்டிவிட்டது. புதுப் பஸ் ஸ்டாண்டை நோக்கிப் போனது.

முப்பிடாதி இருக்கும் ஊருக்கு அங்கிருந்துதான் பஸ்.

முதலில் கைபேசியை அங்கிருந்தே பூட்டினாள். போதாது என்று தெரியும். பூட்டைத் திறக்கும் எண்ணைக் காலையில் ஏழெட்டு முறை போட்டிருப்பாள், அவன் பார்க்கும் தூரத்தில்.

கீழே இன்னொரு பொத்தான் இருந்தது. அழி.

அழித்தால் கைபேசியில் உள்ளது எதுவும் திரும்பாது என்று திரை எச்சரித்தது.

"காப்பி நெட்டுல ஏறியிருக்கான்னு பாத்துக்கிடுங்க," என்றார் மீரான்.

பார்த்தாள். தொலைபேசி எண்கள் இருந்தன. விலாசங்கள் இருந்தன. படங்கள் மட்டும் மார்ச்சோடு நின்றுபோயிருந்தன. இடம் நிறைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. வரும்போதெல்லாம் விரலால் தள்ளிவிட்டிருந்தாள்.

அந்த வீடியோ ஜூனில் எடுத்தது.

பிறந்ததிலிருந்து காது கேட்காத மகள். ஆபரேஷன் முடிந்து, காதுக் கருவியை முதன்முதலாக இயக்கிய நாள். 'ஜெமி' என்று இவள் பின்னாலிருந்து கூப்பிடுகிறாள். பிள்ளை மெல்லத் திரும்புகிறது.

நாற்பது விநாடி. கண்ணுபட்டுவிடும் என்று யாருக்கும் அனுப்பவில்லை.

"என்னாச்சு? லைன்ல இருக்கியா?" கைபேசியில் தேவசகாயத்தின் குரல்.

"அழிக்கணும்," என்றாள். "ஜெமி வீடியோவும் போயிரும்."

பட்டறை இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் குறைந்தது. வெளியே வந்திருக்க வேண்டும்.

"நான் பாத்துட்டேன்லா," என்றான். "நீயும் பாத்துட்ட. அழுத்து."

அழுத்தினாள்.

ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

புள்ளி மறைந்தது.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மீரான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டார்.

அழ நேரமில்லை. அதற்குள் அவன் விலாசத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருக்கலாம். திரையில் இருந்த எண்களைப் பார்த்துக் கூப்பிடத் தொடங்கினாள். முதலில் முப்பிடாதி. "கதவப் பூட்டிக்கோ. யாரு தட்டினாலும் திறக்காத." அடுத்து அந்த ஊர் மகளிர் காவல் நிலையம். பிறகு மற்ற பத்துப் பேர். சிம் கார்டை முடக்கச் சொன்னாள். ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

சாயங்காலம் வீடு வந்து, பழைய பட்டன் போனில் புது சிம்மைப் போட்டாள். அதே எண். உயிர் வந்த ஐந்தாவது நிமிஷம் அடித்தது.

முப்பிடாதி.

"எஸ்தரக்கா, எங்கூர்ல பஸ்ஸவிட்டு எறங்கையிலயே அவனப் புடிச்சுட்டாங்களாம். போன்ல ஊர் பேர மட்டும் பாத்துட்டு, எந்தத் தெருன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னானாம். போலீஸ்காரம்மா வந்து சொல்லிட்டுப் போறாங்க."

எஸ்தர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா."

"சொல்லு."

"அடுத்த வாய்தாவுக்கு நானே வாரேன். கூண்டுல ஏறி நானே சொல்லுதேன்."

ஏழு மாதமாகப் பால் வாங்கக்கூட வாசல் தாண்டாதவள்.

முப்பிடாதி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "என்னாலதானக்கா எல்லாம். போன்ல வேற எதுவும் முக்கியமா போயிருச்சா?"

தெருமுனையில் குல்பி வண்டி மணி அடித்தது. லேசாகத்தான் கேட்டது.

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த ஜெமி தலையை நிமிர்த்தினாள். கிரேயானைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"ம்மா! மணி!"

"இல்ல," என்றாள் எஸ்தர். "ஒண்ணும் போகல."

எழுந்து, மகளின் பின்னால் தெருவுக்கு நடந்தாள்.