பதின்மூன்றுக்கு விடை

“என்ட மகன் கொழும்பில கொம்பியூட்டர். சீதனமா மாடி வீடு இல்லாம சரிவராது, ஸமட் காக்கா.”

மீராசா கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பக்கத்தில் மாப்பிள்ளை காலிதீன் தலையைக் குனிந்தபடி இருந்தான்.

பெண்ணின் தகப்பன் அப்துல் ஸமட் கதிரை நுனிக்கு நகர்ந்தார். “றாஹிலாவுக்கெண்டு ஓட்டு வீடு ஒண்டு கட்டித்தானே வச்சிருக்கன்? மாடி எண்டா இறக்காமத்து வயலை விக்கணும். அவளுக்குக் கீழ இன்னும் ரெண்டு குமர் இருக்கு.”

“வித்துருங்க. கொம்பியூட்டர் மாப்பிள்ளை சும்மா கிடைக்குமா?”

திரைக்குப் பின்னால் ஸமட்டின் மனைவி ஸைனம்புவுக்கு அழுகை முட்டியது. தம்பியைக் கிள்ளினாள். “என்னடா பாத்துக்கிட்டு நிக்காய்? நீ மாஸ்டர்தானே, போய்க் கதை!”

அபுல் ஹஸன் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிப்பவர்.

“தம்பி, கொம்பியூட்டருக்கு ஒண்டும் பூச்சியமும் மட்டும்தான் விளங்குமாமே?”

“ஓம் மாமா.”

“அப்ப பதின்மூன்றை அந்தப் பாஷையில எழுதுங்க பாப்பம்.”

காலிதீன் பேனையை எடுத்தான். பதின்மூன்றை இரண்டால் வகுத்தான். வந்ததை மறுபடியும் இரண்டால் வகுத்தான். பூச்சியம் வரும் வரை வகுத்து, மீதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறித்தான். கடைசியில் 1011 என்று எழுதி நீட்டினான்.

மாஸ்டர் சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும்.

“மீதியைக் கீழேயிருந்து மேலே வாசிக்கணும் தம்பி. நீங்க மேலேயிருந்து வாசிச்சிருக்கீங்க. இது பதினொண்டு! என்ட வகுப்பில இதுக்கு முழங்காலில நிப்பாட்டுவன்.”

மீராசாவின் முகம் கறுத்தது. “கொழும்பில என்னத்தடா படிச்சாய்?”

“மாறிட்டு, வாப்பா.”

மீராசா வாசலைப் பார்த்தார். குரல் இறங்கியது. “மாஸ்டர், இந்தக் கதை எங்கட கல்முனைப் பக்கம் போகவேணாம். ஓட்டு வீடே போதும். மாடியும் வேணாம், ஒண்டும் வேணாம்.”

நபி பேரில் ஸலவாத்துச் சொல்லி, அப்போதே நாளும் குறித்துவிட்டார்கள்.

உள்ளே ஸைனம்பு குதித்தாள். “ரெண்டே ரெண்டு எழுத்து. அதையும் ஒழுங்கா எழுதத் தெரியாதவனுக்கா என்ட புள்ள? மாடி கேக்காத மாப்பிள்ளை எண்டா ஊர் என்ன கதைக்கும்?”

“அப்ப வயலை விப்பமா?” என்றார் ஸமட்.

ஸைனம்பு சோறு போடப் போய்விட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் மீராசா வெற்றிலைத் தட்டைத் தேடி எழுந்தார். மாப்பிள்ளை கை கழுவ, ஸமட்டே செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“கவலைப்படாதீங்க மகன். கணக்கு எல்லாருக்கும் வராது.”

காலிதீன் தகப்பன் போன பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“ஒண்டு, ஒண்டு, பூச்சியம், ஒண்டு. அதுதான் மாமா சரியான விடை. வாப்பாட காதில போட்டுராதீங்க, வயல் போயிரும்.”